ஆடிக்கு முன் எங்கள் மண்ணை மூடிவிடாதீர்கள்: குடியிருப்போர் நலச்சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவின் தலைவர், செயலாளர், பொருளாளர், உறுப்பினர்கள் ஆகியோருக்கு,

ஆனி மாதத் தொடக்கத்தில் லிஃப்ட் அருகே நீங்கள் ஒட்டிய சுற்றறிக்கை மூன்று முடிவுகளை அறிவிக்கிறது. கட்டடத்தின் பின்புறமுள்ள திறந்த மண்பரப்பு முழுவதிலும் சிமெண்ட் கலவையிட்டு அதன்மேல் பேவர் பிளாக் பதிக்கப்படும். மொட்டை மாடியிலுள்ள செடிப்பைகளும் தொட்டிகளும் ஆனி முடிவதற்குள் அகற்றப்பட வேண்டும். வளாகத்தில் உதிரும் சருகு இனி நாள்தோறும் கூட்டப்பட்டு மூட்டை கட்டி வெளியே அனுப்பப்படும். மழைக்காலச் சேறு, பாம்பு, கொசு, மாடியின் சுமை, நீர்க்கசிவு ஆகியவை காரணங்களாகச் சொல்லப்பட்டுள்ளன. இவற்றுள் ஒன்றைக்கூட நீங்கள் பொதுக்குழுவில் வைத்துப் பேசவில்லை. பின்புற நிலம் நம் ஒவ்வொருவரின் பத்திரத்திலும் பிரிக்கப்படாத பங்காக எழுதப்பட்டிருக்கும் நிலம். அதை நிரந்தரமாக மாற்றியமைக்கும் ஒரு முடிவை எங்களைக் கேளாமல் எடுத்ததும், எடுத்தபின் சுற்றறிக்கையாக ஒட்டியதும் எங்களால் அமைதியாக ஏற்கக் கூடியவை அல்ல.

முதலில் நீங்கள் குறித்திருக்கும் கெடுவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் செடி வளர்க்காதவர்களுக்கு அது ஒரு சாதாரணத் தேதியாகத் தோன்றக்கூடும். ஆடிப்பட்டம் தேடி விதை என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்தவர்கள்தான் நாம் எல்லோரும். ஆடியில் விதைத்த கத்தரியும் மிளகாயும் தக்காளியும் ஆவணியில் நாற்றாகி, புரட்டாசியில் வேரூன்றி, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போது அதைத் தாங்கி நிற்கும் தண்டோடு இருக்கும். மாதம் தள்ளி விதைத்தால் இளநாற்றாகவே பெருமழையில் சிக்கி அழுகும். பந்தல் அவரையின் கணக்கு இன்னும் கறாரானது. பகல் பொழுது குறையும்போதுதான் அது பூக்கும். ஆடியில் போட்டால் கொடி நான்கு மாதம் படர்ந்து பந்தலை நிறைத்துவிட்டு மார்கழியில் காய்த்துத் தள்ளும்; கார்த்திகையில் போட்டால் முழங்கால் உயரத்திலேயே பூத்து, பெயருக்கு நாலு காய் கொடுத்துவிட்டு நின்றுவிடும். ஆகவே ஆனி இறுதிக்குள் அகற்று என்பது எங்களைப் பொறுத்தவரை ஓர் ஆண்டுப் பயிரை விட்டுவிடு என்பதற்குச் சமம். சித்திரை வெயிலில் பை மண்ணையெல்லாம் கொட்டிப் பரப்பிக் காயவைத்து, கட்டி உடைத்து, பழைய வேர்களைப் பொறுக்கி, வேப்பம்புண்ணாக்கும் மட்கிய உரமும் கலந்து, இரண்டு மழைத் தூறலுக்குப் பின் பைகளை மறுபடி நிரப்பி வைத்திருக்கிறோம். அந்த வேலை முடிந்த வாரத்தில்தான் உங்கள் சுற்றறிக்கை வந்தது.

மாடியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். பின்புற மண்தான் இந்த மடலின் மையம்.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத இந்த வளாகத்தில், கட்டட வேலை முடிந்தபோது பின்புறம் எப்படிக் கிடந்தது என்பதைத் தொடக்கத்திலேயே குடிவந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். செங்கல் துண்டு, காய்ந்து இறுகிய கலவை, டைல்ஸ் உடைசல், சாக்குப்பை, அதற்கு அடியில் கரிய களிமண். மழை பெய்தால் கால் வழுக்கும். கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். அந்த இடத்தில் முதன்முதலாக நட்ட செடிகளின் இளந்தழை, நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இடைப்பகுதி வெளுத்து மஞ்சளானது. சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்த மண்ணில் காரத்தன்மை ஏறிவிடுவதால் இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் வேருக்கு எட்டாமல் போவதன் அடையாளம் அது. கடைச் சத்துக் கரைசல் தெளித்தால் இலை தற்காலிகமாகப் பச்சையாகும், மண் மாறாது. எனவே நாங்கள் மண்ணை மாற்றும் வேலையில் இறங்கினோம்.

இடிபாடுகளைப் பொறுக்கி எடுத்தோம். நீர் தேங்காதபடி மேட்டுப்பாத்தி அமைத்தோம். கோடை மழை கிடைத்த ஆண்டுகளில் சணப்பையும் தக்கைப்பூண்டும் விதைத்து, பூவெடுக்கும் தறுவாயில் வெட்டி அந்த மண்ணிலேயே மடக்கி மூடினோம். அவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகின்றன. மட்கிய தழையோ களிமண்ணின் நுண்துகள்களைப் பொலபொலவென்ற சிறு கட்டிகளாகச் சேர்த்து, அவற்றுக்கிடையே காற்றும் நீரும் புகுவதற்கு வழிவிடுகிறது. தெருமுனையில் மாடு வைத்திருப்பவரிடம் தொழுவுரம் வாங்கினோம். அறுவடை முடிந்த பாத்திகளை வெறுமையாக வெயிலில் விடாமல் சருகால் மூடாக்கு இட்டோம். இவற்றில் எதுவும் ஓர் ஆண்டில் பலன் காட்டவில்லை. முதல் சில மழைக்காலங்களில் முள்ளங்கி விரல் தடிமனைத் தாண்டாமல் கோணிக்கொண்டு வளர்ந்ததைக் கண்டு சிரித்தவர்கள் இன்று உங்கள் குழுவிலும் இருக்கிறார்கள். அதே பாத்தியில் கடந்த மார்கழியில் பிடுங்கிய முள்ளங்கி அவர்கள் வீட்டுச் சாம்பாருக்கும் போனது. இன்று அந்த மண்ணில் களைக்கொத்தைப் போட்டால் ஒவ்வொரு கொத்திலும் மண்புழு நெளிகிறது. மழை விட்ட சிறிது நேரத்தில் பாத்திகளின் மேல் தண்ணீர் நிற்பதில்லை.

இந்த மண்ணின்மேல் நீங்கள் செய்யப்போவது என்ன என்பதை ஒப்பந்தக்காரரின் வேலைக் குறிப்பிலிருந்தே அறிந்தேன். மேல்மண்ணை ஓர் அடிக்கு வெட்டி எடுத்து லாரியில் ஏற்றி அனுப்புவது, கிராவல் கொட்டி அதிர்வு எந்திரத்தால் இறுக்குவது, சிமெண்ட் படுகை போடுவது, கல் பதிப்பது. வெட்டி எடுக்கப்படும் அந்த ஓர் அடிதான் நாங்கள் உருவாக்கியது. பிடிக்கவில்லை என்றால் பின்னால் கல்லைப் பெயர்த்துக்கொள்ளலாம் என்று செயலாளர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். கல்லைப் பெயர்க்கலாம், அடியில் கிடைப்பது கிராவலும் இறுகிய களியுமாக இருக்கும், குடிவந்த நாளில் இருந்ததைவிட மோசமாக.

அடுத்து தண்ணீர். இதில் செடிப் பிரியர்கள், மற்றவர்கள் என்ற வேறுபாடு கிடையாது. சென்னைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை கிடைக்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர் நீர். பின்புற மண்பரப்பு சுமார் 1,200 சதுர அடி, அதாவது 110 சதுர மீட்டருக்குச் சற்று மேல். ஆகவே அதன்மேல் மட்டும் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் லிட்டர் மழை விழுகிறது. ஆவியாவதும் வழிந்தோடுவதும் போகப் பாதியே நிலத்துக்குள் இறங்குகிறது என்று வைத்தாலும், கோடையில் நாம் பணம் கொடுத்து வாங்கும் 12,000 லிட்டர் லாரிகளில் ஆறுக்கும் மேற்பட்ட லாரித் தண்ணீர் அது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, லாரிக்காக முன்பதிவு செய்துவிட்டு நள்ளிரவு வரை காத்திருந்த அதே குடியிருப்புதான் இது. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு 2003ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கப்பட்டது; அதன்படி தோண்டப்பட்ட நம் உறிஞ்சுகுழிகள் இரண்டும் அந்தப் பின்புறத்தில்தான் உள்ளன. அவற்றின் மூடிகளைப் பற்றி உங்கள் வேலைக் குறிப்பில் ஒரு வரிகூட இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முன்புறச் சிமெண்ட் தளத்தில் நின்ற நீர் கீழ்த்தள வீடுகளுக்குள் புகுந்தது. பின்புறத்தையும் சிமெண்டாக்கினால் அங்கே விழும் நீரும் அதே திசையில்தான் வரும், ஏனெனில் வளாகத்தின் சரிவு முன்புறம் நோக்கியே அமைந்திருக்கிறது.

அதே மண்ணில் நம்முடைய வேம்பும் பூவரசும் நிற்கின்றன. மரத்தின் வேர் ஆழத்தில் கிடக்கிறது, மேலே என்ன போட்டாலும் அதற்கு ஒன்றுமில்லை என்று குழுவில் ஒருவர் பேசியிருக்கிறார். நீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பங்கு மேலுள்ள இரண்டடி மண்ணுக்குள்தான் பரவியிருக்கும். அவை மூச்சுவிடக் காற்றும் வேண்டும். ஓர் அடியை வெட்டி எடுத்தால் அவ்வேர்களில் பாதி அறுபடும், மிஞ்சியவை இறுக்கத்தில் திணறும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சாய்த்த ஆயிரக்கணக்கான மரங்களுக்கிடையே நடந்து போனவர்கள், நடைபாதைக் கல்லுக்குள் குறுகிப்போன வேர்த்தட்டோடு எத்தனை மரங்கள் பெயர்ந்து கிடந்தன என்பதைக் கண்ணால் கண்டிருப்பார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் தில்லி மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குச் சிமெண்டை அகற்றும்படி ஆணையிட்டது. அங்கே போட்டதை எடுக்கச் சொல்கிறார்கள். இங்கே நீங்கள் புதிதாகப் போடப் போகிறீர்கள். வேம்பின் கிளை உங்கள் கார் நிறுத்தத்துக்கு மேல்தான் நீண்டிருக்கிறது என்பதையும், பிடிப்பிழந்த மரம் எந்தப் பக்கம் விழும் என்பதையும் நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

சருகு பற்றிய முடிவு சிறியதாகத் தோன்றினாலும் மற்ற இரண்டுக்கும் அதுவே வேர். மாசி, பங்குனியில் வேம்பு இலையுதிர்க்கும்போது கூடைகூடையாகச் சேரும் சருகு எங்களுக்கு உரமாகிறது. சமையலறைக் கழிவில் நைட்ரஜன் மிகுதி, சருகில் கரிமம் மிகுதி; நைட்ரஜன் ஒரு பங்குக்குக் கரிமம் 25 முதல் 30 பங்கு என்ற அளவில் இரண்டும் கலந்தால்தான் குவியல் சூடேறி, நாற்றமின்றி மட்கும். சருகு சேராத காய்கறித் தோல் ஈரம் கசிந்து அழுகும், ஈ மொய்க்கும். சருகை வெளியே அனுப்பிவிட்டு, மட்கு உரத் தொட்டி நாறுகிறது என்று அடுத்த சுற்றறிக்கையில் அந்தத் தொட்டிகளையும் அகற்றச் சொல்வீர்கள் என்பதே என் அச்சம். வெளியே அனுப்பப்படும் என்று எழுதியிருந்தாலும், கடந்த பங்குனியில் காவலாளி அதைச் சுற்றுச்சுவரோரம் கொளுத்தியதையும், புகை தாளாமல் இரண்டாம் தளத்தில் ஒரு முதியவருக்கு மூச்சிரைப்பு வந்ததையும் நீங்கள் அறிவீர்கள். குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதை நடுவண் அரசின் 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளே தடுத்துவிட்டன. அதே மாதத்தில் சுவரோரப் புல்லுக்கு என்று களைக்கொல்லி தெளிக்கப்பட்டது. என்ன மருந்து என்று கேட்டபோது டப்பாவைக் காட்ட மறுத்தார்கள். புல்லோடு அடுத்திருந்த சிறுகீரைப் பாத்தியும் கருகியது. சாயங்காலம் விளையாட வரும் குழந்தைகள் அந்தப் பாத்தியில் கீரை கிள்ளி வீட்டுக்கு எடுத்துப் போவது வழக்கம் என்பதால் அன்றிரவே வீடு வீடாகச் சென்று எச்சரிக்க வேண்டியதாயிற்று.

இனி மாடி. சுமை பற்றிய கவலை நியாயமான கவலை. அதை எண்களால் பார்ப்போம். ஓர் அடி உயரமும் ஓர் அடி அகலமும் உள்ள பை இருபது லிட்டர் கொள்ளும். செம்மண்ணை மட்டும் நிரப்பினால் நனைந்தபின் முப்பது கிலோவைத் தாண்டும். நாங்கள் செம்மண், தென்னை நார்க்கழிவு, மட்கு உரம் என்று சமபங்கு கலப்பதால் நனைந்த பையும் இருபது, இருபத்திரண்டு கிலோ அளவிலேயே நிற்கிறது. சதுர மீட்டருக்கு இரண்டு பை என்ற இடைவெளியில் அது 45 கிலோவைத் தாண்டாது. ஆட்கள் ஏறிப் புழங்கும் தட்டைக் கூரைக்கு இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 875 வகுத்திருக்கும் சுமை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. நீர்க்கசிவு கண்ட வீடு வடமேற்கு மூலையில் இருக்கிறது. அந்த மூலைக்கு மேலே ஒரு செடிகூட இல்லை; தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும் குழாய் விழும் இடம் அது, தளஓடுகளின் பூச்சு அங்கேதான் பெயர்ந்திருக்கிறது. இதை இரண்டு முறை எழுத்து மூலம் தெரிவித்தும், குழுவிலிருந்து யாரும் மேலே வந்து பார்க்கவில்லை.

அரசின் தோட்டக்கலைத் துறையே செடிப்பை, நார்க்கழிவுக் கட்டி, விதை, உயிர் உரம் எல்லாம் அடங்கிய மாடித்தோட்டத் தொகுப்பை மானிய விலையில் தந்து மக்களை ஊக்குவித்து வரும் மாநிலம் இது என்பதையும் குறிப்பிட வேண்டும். ஆனால் எங்கள் தரப்பிலும் எல்லாமே ஒழுங்காக இருக்கிறது என்று நான் வாதிட வரவில்லை. கைப்பிடிச் சுவர்மேல் தொட்டி வைப்பவர்கள் இருக்கிறார்கள்; புயல் காற்றில் அது கீழே செல்வோர் தலையில் விழும். மழைநீர்க் குழாயின் வாயை அடைத்துப் பையை வைப்பவர்களும் உண்டு. இவற்றைத் தடுக்க விதி செய்யுங்கள், நாங்களே நடைமுறைப்படுத்துகிறோம். பத்து பேரில் இருவர் ஒழுங்கற்று வைத்ததற்காக மாடியையே காலி செய்யச் சொல்வது நிர்வாகம் ஆகாது.

கொசுவுக்கும் பாம்புக்கும் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல நீரில் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக ஒரு வாரத்திற்கு மேல் வேண்டும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுகளை வாரம் ஒருமுறை கவிழ்த்தால் போதும், நாங்கள் கவிழ்க்கிறோம். மாநகராட்சி ஊழியர் கடந்த ஐப்பசியில் புழு கண்டது மூடியில்லாத கீழ்நிலைத் தொட்டியில். பாம்பு எலியைத் தேடி வருகிறது, எலி நம் வாயிலருகே திறந்து கிடக்கும் குப்பைத் தொட்டியைத் தேடி வருகிறது. அந்தத் தொட்டிக்கு மூடி போடப் பேவர் பிளாக் செலவில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது. சேறு உண்மையான தொல்லைதான்: துணி உலர்த்தப் பின்புறம் செல்பவர்கள் மழைக்காலத்தில் சிரமப்படுகிறார்கள். அதற்குத் தேவை நடக்க ஒரு பாதை. மண்பரப்பு முழுவதையும் மூடுவது எதற்கு?

எனவே எங்கள் கோரிக்கைகளைத் தெளிவாக முன்வைக்கிறேன். பின்புறத் தளப் பணிக்கான ஒப்பந்தத்தை உடனே நிறுத்திவையுங்கள்; பொதுக்குழுவைக் கூட்டி, வேலைக் குறிப்பையும் செலவு மதிப்பீட்டையும் எல்லோர் முன்னும் வைத்து, வாக்கெடுப்புக்குப் பின்னரே எதையும் தீர்மானியுங்கள். துணிக்கொடி வரை மூன்றடி அகலத்தில் ஒரு நடைபாதை போதும். அதையும் சிமெண்ட் படுகையின்றி மணல்மேல் இடைவெளி விட்டுக் கல் பதித்து அமைத்தால் நீர் கீழிறங்கும். மரங்களைச் சுற்றிக் குறைந்தது ஒரு மீட்டர் அளவுக்கு எந்த வேலையும் வேண்டாம். இரண்டு உறிஞ்சுகுழிகளையும் புரட்டாசி முடிவதற்குள் தூர்வாருங்கள். ஆள் கூலியில் பாதியைத் தோட்டம் வைத்திருக்கும் வீடுகள் ஏற்கும்.

மாடியைக் காலி செய்யும் ஆணையைத் திரும்பப் பெற்று, அதற்குப் பதிலாக விதிகளை வகுக்க வேண்டுகிறோம்: பைகள் ஒன்றரை அடி உயர இரும்புத் தாங்கிகளில் மட்டும், சதுர மீட்டருக்கு இரண்டுக்கு மிகாமல், கைப்பிடிச் சுவர்மேலும் வடிகுழாய் அருகிலும் எதுவும் கூடாது, புயல் எச்சரிக்கை வந்தால் உயரத்தில் உள்ளவற்றை அவரவர் கீழிறக்க வேண்டும். வடமேற்கு மூலையின் கசிவைப் பொறியாளர் ஒருவரைக் கொண்டு பரிசோதித்து அவர் அறிக்கையை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். கசிவுக்கு எங்கள் பைகள்தான் காரணம் என்று அவர் எழுதினால் அவற்றை நாங்களே அகற்றி, பழுது பார்க்கும் செலவையும் ஏற்கிறோம்.

சருகை மூட்டை கட்டுவதை நிறுத்தி, தென்கிழக்கு மூலையில் கம்பிவலை அடைத்து ஒரு சருகுக் கூண்டு வைக்க அனுமதி தாருங்கள். வளாகத்திற்குள் எதையும் கொளுத்தக்கூடாது என்று காவலாளிகளுக்கு எழுத்து மூலம் அறிவுறுத்துங்கள். களைக்கொல்லி தெளிப்பது இனி வேண்டாம். புல்லை நாங்கள் கையால் எடுத்துவிடுகிறோம்.

இக்கோரிக்கைகளுக்கு ஆடி முதல் நாளுக்கு முன் எழுத்து மூலம் பதில் எதிர்பார்க்கிறோம். பதில் வராவிட்டால், சங்க விதிகளின்படி சிறப்புப் பொதுக்குழுவைக் கூட்டக் கோரும் மனுவில் உறுப்பினர்களிடம் கையொப்பம் வாங்கத் தொடங்குவோம். அதுவரை பைகள் மாடியிலேயே இருக்கும். கத்தரியும் அவரையும் அவற்றுக்குரிய நாளில் விதைக்கப்படும்.

இப்படிக்கு,
பின்புறத்திலும் மாடியிலும் பயிரிடும் குடியிருப்பாளர்கள் சார்பில்,
சங்க உறுப்பினர் ஒருவர்